செயலாளரின் ஆண்டறிக்கை 2024: ஷார்ன்ஹோர்ஸ்டைப் படித்த ஆண்டு

தலைவர், நிர்வாகசபையினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பேர்லின் தமிழர்களாகிய நாம் நடத்திவரும் இந்த வரலாற்று வாசகர் வட்டத்தின் 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையை வருடாந்தப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். வரவு செலவு, சந்தா நிலுவை, மண்டப வாடகை கூடிய விவரம் எல்லாம் பொருளாளரின் அறிக்கையில் உண்டு. நான் பேச விரும்புவது, இந்த ஆண்டு முழுக்க நாம் எடுத்துப் படித்த பிரஷியாவின் (பேர்லினைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய ஜேர்மன் அரசு) ஜெனரல் கெர்ஹார்ட் ஃபொன் ஷார்ன்ஹோர்ஸ்டைப் பற்றி.

ஜனவரிக் கூட்டத்தில் இந்தத் தலைப்புக்கு எதிர்ப்பு வந்ததை முதலில் பதிவு செய்ய வேண்டும். மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "தம்பி, சண்டை வேண்டாமெண்டு ஓடி வந்த சனம் நாங்கள். இஞ்ச வந்தும் ஒரு ஜெனரலையே படிக்க வேணும்?" என்று கேட்டார். மண்டபம் அப்படியே அடங்கிவிட்டது. எங்களில் பலர் வீட்டில் ஆரையாவது போரில் இழந்தவர்கள். எனக்கு உடனே பதில் வரவில்லை. "ஐயா, மூன்று கூட்டம் பார்ப்போம். மனம் ஒப்பாவிட்டால் வேறு எடுப்போம்" என்று மட்டும் சொன்னேன். அவர் மூன்றுக்கும் வந்தார். அதற்குப் பிறகும் ஒன்றையும் தவறவிடவில்லை. ஆனால் தன் கேள்வியை அவர் இன்னும் திரும்பப் பெறவில்லை. அதையும் குறிப்பில் சேர்க்கிறேன்.

சரி, யார் இந்த மனிதர்? 1755 நவம்பர் 12இல் ஹனோவருக்கு அருகே போர்டெனாவ் என்ற கிராமத்தில் பிறந்தவர். பிரபு குடும்பம் அல்ல. தகப்பன் குதிரைப்படையில் சாதாரண நிலையில் இருந்து விலகியவர். தாய்வழி நிலத்துக்காக நீண்ட வழக்கு நடந்தது. அது முடிந்த பிறகுதான் குடும்பம் மூச்சுவிட்டது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஒரு படை அதிகாரி ஆவதற்கு முதல் தகுதி பிறப்பு. அது இவரிடம் இல்லை.

அவருக்குக் கிடைத்தது ஒரு பள்ளிக்கூடம். ஷவும்பர்க்-லிப்பெ என்ற சின்னஞ்சிறு நாட்டின் ஆட்சியாளர் வில்ஹெல்ம் பிரபு, ஸ்டைன்ஹூடெ ஏரியின் நடுவே கல்லைக் கொட்டி ஒரு தீவை உண்டாக்கி, அதன்மேல் வில்ஹெல்ம்ஸ்டைன் என்ற கோட்டையைக் கட்டினார். அங்கே ஒரு படைப்பள்ளியும் நடத்தினார். 1773இல் ஷார்ன்ஹோர்ஸ்ட் அதில் சேர்ந்தார். மே மாதச் சுற்றுலாவில் நாம் படகேறிப் போனது இந்தத் தீவுக்குத்தான். காற்று பலமாக இருந்ததால் சிறு பிள்ளைகளோடு வந்தவர்கள் கரையிலேயே நின்றுவிட்டார்கள். அடுத்த முறை அவர்களை முதலில் கூட்டிப்போக வேண்டும். கோட்டை மிகச் சிறியது, சுற்றி நடந்து முடிக்கக் கொஞ்ச நேரம் போதும். அந்தக் கல் அறைகளில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் கணிதமும் பீரங்கிக் கலையும் படித்ததை நினைத்தபோது எனக்கு ஊர்ப் பள்ளிக்கூடம் கண்ணில் வந்தது. தற்காப்புப் போர் ஒன்றே நியாயமான போர் என்று எழுதிவைத்தவர் அந்த வில்ஹெல்ம் பிரபு. இதைத் தீவில் வைத்துச் சொன்னபோது நம் ஐயா, "அப்ப தொடங்கின இடம் பிழையில்லை" என்றார்.

அதற்குப் பிறகு இருபது ஆண்டுக்கு மேல் ஷார்ன்ஹோர்ஸ்ட் ஹனோவர் படையில் இருந்தார். அந்தக் காலத்தின் பெரும்பகுதி அவர் செய்தது வாத்தியார் வேலை. நோர்ட்ஹைமில் ரெஜிமென்ட் பள்ளியில் படிப்பித்தார், பிறகு ஹனோவரில் பீரங்கிப் பள்ளியில். படைத்துறை இதழ்களை நடத்தினார். அதிகாரிகளுக்கான கைநூல்களை எழுதினார். சம்பளத்தோடு அந்த எழுத்து வருமானமும் சேர்ந்துதான் குடும்பம் ஓடியது. தோற்றத்தில் மிடுக்கு இல்லை, பேச்சும் சரளமில்லை. அவரைப் பார்த்தவர்கள் பலருக்குப் படைவீரரைவிட ஒரு பள்ளி ஆசிரியரே ஞாபகத்துக்கு வந்தார். இதைப் படித்த கூட்டத்தில் நம்முடைய தமிழ்ப்பள்ளி ஆசிரியைகள் இருவரும் சிரித்துக்கொண்டே கைதட்டினார்கள்.

ஆனால் போர் தெரியாத வாத்தியார் அல்ல. 1794 ஏப்ரலில் பிளாண்டர்ஸில் மெனென் நகரைப் பிரெஞ்சுப் படை சுற்றி வளைத்தது. உள்ளே ஹனோவர் ஜெனரல் ஹமர்ஸ்டைன் தலைமையில் ஒரு சிறிய படை. புரட்சியிலிருந்து தப்பி வந்த பிரெஞ்சுக்காரர்களும் அவர்களோடு இருந்தார்கள். பிடிபட்டால் அவர்களுக்கு மரணம் நிச்சயம். சரணடைவதற்குப் பதிலாக இரவில் முற்றுகையை உடைத்துக்கொண்டு வெளியேறினார்கள். அந்தத் திட்டத்தின் மூளை ஷார்ன்ஹோர்ஸ்ட் என்பதை ஹமர்ஸ்டைனே தன் அறிக்கையில் எழுதினார்.

அந்தப் போரிலிருந்து திரும்பி வந்து அவர் கேட்ட கேள்விதான் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது. பயிற்சி குறைந்த பிரெஞ்சுக்காரர்கள் எப்படி வென்றார்கள்? 1797இல் இதைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். எதிரியைத் திட்டித் தீர்க்கவில்லை. மக்கள் தங்கள் நாடு என்று நினைத்துச் சண்டை பிடித்ததையும், திறமையுள்ளவன் மேலே வர அங்கே வழி இருந்ததையும் காரணங்களாக எழுதினார். தோற்ற பக்கத்தில் நின்றுகொண்டு இப்படி எழுத நெஞ்சுரம் வேண்டும். இது எங்கள் எல்லோருக்கும் எட்ட வேண்டிய விஷயம் என்று நினைத்து, அந்தக் கட்டுரைக்காக மட்டும் இரண்டு கூட்டம் ஒதுக்கினோம்.

1801இல் பிரஷியப் படைக்கு மாறினார். லெப்டினன்ட் கேர்ணல் பதவியும் பிரபு பட்டமும் தரவேண்டும், படையைச் சீர்திருத்த இடம் கொடுக்க வேண்டும் என்று கேட்டுத்தான் வந்தார். பேர்லினில் இளம் அதிகாரிகளுக்குப் பாடம் எடுத்தார். அங்கே வந்து சேர்ந்த மாணவர்களில் ஒருவர், பின்னாளில் போரைப் பற்றிய நூலால் பெயர்பெற்ற கார்ல் ஃபொன் கிளவுஸெவிட்ஸ். பாடங்களைப் பின்தொடர முதலில் திணறிய அந்த இளைஞரைத் தூக்கிவிட்டவர் ஷார்ன்ஹோர்ஸ்ட். கடைசியில் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். ஷார்ன்ஹோர்ஸ்டைத் தன் அறிவுக்குத் தந்தை என்றே கிளவுஸெவிட்ஸ் பிற்காலத்தில் எழுதினார்.

இதே காலத்தில்தான் அவர் பேர்லினில் ஒரு சங்கமும் தொடங்கினார். இராணுவச் சங்கம் என்று பெயர். அதிகாரிகள் கூடுவார்கள், கட்டுரை வாசிப்பார்கள், விவாதிப்பார்கள். கட்டுரைகளைத் தொகுதிகளாக அச்சிட்டார்கள். 1805இல் படை திரட்டல் வந்ததும் சங்கம் நின்றுபோனது. நாலே ஆண்டுதான். ஆனால் பின்னாளில் பிரஷியாவை நிமிர்த்திய போயென், குரோல்மான், கிளவுஸெவிட்ஸ் எல்லோரும் அதன் உறுப்பினர்கள். வாடகை மண்டபத்தில் மாதம் ஒருமுறை கூடும் நமக்கு இதைப் படித்தபோது பெரிய உற்சாகம் வந்தது. நம் உறுப்பினர்கள் வாசித்த கட்டுரைகளையும் தொகுத்து அச்சிட வேண்டும் என்று நிர்வாகசபை முடிவு செய்தது அந்த மாதத்தில்தான். கட்டுரைகளைத் தட்டச்சுச் செய்து தருவதாக இளையோர் பிரிவு ஒப்புக்கொண்டிருக்கிறது.

பிறகு 1806. ஒக்டோபர் 14, ஜேனாவிலும் அவுவர்ஸ்டெட்டிலும் ஒரே நாளில் பிரஷியா நெப்போலியனின் பிரெஞ்சுப் படையிடம் விழுந்தது. அவுவர்ஸ்டெட்டில் பிரஷியாவின் பிரதான படையை பிரெஞ்சுத் தளபதி டவூவின் ஒரே ஒரு கோர் (பெரும் படைப்பிரிவு) தோற்கடித்தது. தளபதி பிரவுன்ஷ்வைக் கோமகனுக்குக் கண்ணில் குண்டு. அவருடைய தலைமைப் பணியாளர் அதிகாரியாக இருந்த ஷார்ன்ஹோர்ஸ்டும் காயப்பட்டார். காயத்தோடு பிரஷியத் தளபதி ப்ளூஷருடன் வடக்கே லூபெக் வரை பின்வாங்கி, அங்கே பிடிபட்டு, கைதி மாற்றத்தில் விடுதலையாகி, 1807 பெப்ரவரியில் ஐலாவ் பனிக்களத்தில் மறுபடி நின்றார். அங்கே லெஸ்டோக்கின் சிறிய பிரஷியப் படை சரியான நேரத்தில் வந்து சேர்ந்ததில் அவருக்குப் பெரிய பங்கு. ஆனாலும் யூலையில் நெப்போலியனுடன் டில்சிட் சமாதான ஒப்பந்தம் வந்தது. நாட்டின் ஏறக்குறையப் பாதி போனது.

அந்தச் சாம்பலில் இருந்துதான் அவருடைய உண்மையான வேலை தொடங்குகிறது. மேஜர் ஜெனரலாக உயர்த்தப்பட்டு, படை மறுசீரமைப்புக் குழுவின் தலைவரானார். க்னைஸெனாவ், குரோல்மான், போயென் அவரோடு. 1808 ஓகஸ்ட் 6ஆம் திகதி ஆணை, அதிகாரி பதவிக்கு இருந்த பிறப்புரிமையை நீக்கியது: சமாதான காலத்தில் அறிவும் கல்வியும், போர்க் காலத்தில் வீரமும் தெளிந்த பார்வையும் மட்டுமே தகுதி. போர்டெனாவ் கிராமத்துப் பையன் தனக்குப் பின்னால் வருபவர்களுக்குத் திறந்துவைத்த கதவு என்று நான் இதைப் பார்க்கிறேன்.

அதற்கு மூன்று நாள் முன்னால், ஓகஸ்ட் 3இல் வந்த புதிய படைச் சட்டம் இன்னொன்று செய்தது. பழைய பிரஷியப் படையில் குற்றம் செய்த சிப்பாயை இரண்டு வரிசையாக நிற்கும் சக சிப்பாய்களின் நடுவே வெற்று முதுகோடு நடக்கவிட்டு, ஒவ்வொருவனும் பிரம்பால் அடிப்பான். அந்தத் தண்டனை ஒழிந்தது. நம் இளையோர் பிரிவைச் சேர்ந்த மாணவி ஒருவர் பழைய ஜேர்மன் அச்செழுத்தில் இருந்த பக்கங்களை வாசித்துத் தமிழில் சொல்ல, ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடிக்கிறவனும் அதே வரிசையில நிக்கிற சிப்பாய்தானே" என்றார். அன்றைக்கு வேறு ஒருவரும் பேசவில்லை. கூட்டத்தை அதோடு முடித்தேன்.

பிரான்ஸுடன் செய்த 1808 செப்டெம்பர் ஒப்பந்தத்தின்படி பிரஷியா 42,000 பேருக்கு மேல் படை வைத்திருக்கக் கூடாது. ஷார்ன்ஹோர்ஸ்ட் சிப்பாய்களில் சிலரைப் பயிற்சி முடிந்ததும் விடுப்பில் அனுப்பி, அந்த இடத்தில் புதியவர்களை எடுத்துப் பயிற்றுவித்தார். இந்த முறையால் பெரும் மறைபடை ஒன்று உருவானதாகப் பிற்காலத்தில் மிகைப்படுத்திச் சொன்னார்கள். ஆய்வாளர்கள் அதைக் குறைத்துவிட்டார்கள். அவருடைய பெருமைக்கு அந்தக் கதை தேவையே இல்லை. நெப்போலியனின் அழுத்தத்தால் 1810 யூனில் போர் அமைச்சின் பொறுப்பிலிருந்து விலக வேண்டிவந்தது. அதே ஆண்டு பேர்லினில் அதிகாரிகளுக்கான உயர் போர்ப்பள்ளி திறக்கப்பட்டது, அதுவும் அவர் முயற்சி. பதவி போனாலும் பள்ளிக்கூடத்தை விடவில்லை.

மனைவி கிளாரா 1803இலேயே இறந்துவிட்டார். போர்முனையிலிருந்தும் பயணங்களிலிருந்தும் மகள் யூலிக்கு அவர் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. அரசாணைகளைவிட அவற்றில்தான் மனிதரைக் காணலாம் என்பது என் கருத்து. அடுத்த ஆண்டு அவற்றில் சிலவற்றையாவது தமிழாக்க வேண்டும்.

1813இல் ரஷ்யாவிலிருந்து நெப்போலியன் குலைந்து திரும்பியபோது, காலிஷ் நகரில் ரஷ்யாவுடனான உடன்படிக்கையில் பிரஷியாவுக்காகக் கையெழுத்திட்டவர் ஷார்ன்ஹோர்ஸ்ட். எதிரே ரஷ்யாவுக்காக அதன் தளபதி குட்டூசோவ். மார்ச்சில் மக்கள் காவற்படை எழுந்தது. ப்ளூஷரின் தலைமைப் பணியாளராக மே 2ஆம் திகதி குரோஸ்கேர்ஷன் களத்துக்குப் போனார். காலில் குண்டு பட்டது. படுத்து ஆற வேண்டிய காயம். அவர் படுக்கவில்லை, ஆஸ்திரியாவைத் தங்கள் பக்கம் கொண்டுவர அந்தக் காலோடு பயணம் போனார். காயம் புரையோடி, யூன் 28இல் பிராக் நகரில் இறந்தார். 57 வயது. ஓகஸ்ட்டில் ஆஸ்திரியா சேர்ந்தது. ஒக்டோபரில் லைப்சிக்கில் நெப்போலியன் தோற்றார். இரண்டையும் அவர் பார்க்கவில்லை.

அவர் செய்தது எல்லாம் நிலைத்தது என்று சொல்ல மாட்டேன். போயென் 1814இல் கட்டாய இராணுவ சேவைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். ஆனால் 1819இல் போயெனும் குரோல்மானும் பதவி விலக நேர்ந்தது. பிரபுக்களின் கை மீண்டும் ஓங்கியது. எல்லோரும் சிப்பாய் என்ற அந்த எண்ணமே பின்னாளில் பெரும் போர்களுக்கு ஆள் சேர்த்தது என்று செப்டெம்பர் கூட்டத்தில் ஒரு சகோதரி வாதிட்டார். அது சரியான வாதம். நான் அவரோடு முழுக்க உடன்படாவிட்டாலும் குறிப்பேட்டில் முழுமையாக எழுதியிருக்கிறேன்.

எம்டன் கப்பலைப் பற்றிக் கேட்காத தமிழர் குறைவு. 1914 செப்டெம்பர் 22இல் சென்னையைக் குண்டு வீசித் தாக்கியது அது. எம்டன் பிரிந்து வந்த ஜேர்மன் கிழக்காசியக் கடற்படையணியின் தலைமைக் கப்பலுக்கு இவர் பெயர்தான், ஷார்ன்ஹோர்ஸ்ட்; கூடவே க்னைஸெனாவ் என்ற கப்பல். அந்த இரண்டு கப்பல்களும் அதே ஆண்டு டிசம்பர் 8இல் பால்க்லாந்து தீவருகே மூழ்கின. ஷார்ன்ஹோர்ஸ்டில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை.

யூன் கடைசி ஞாயிறு நாம் போன இன்வலீடன் கல்லறைத்தோட்டத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அது இருக்கும் தெருவுக்கே ஷார்ன்ஹோர்ஸ்ட் தெரு என்றுதான் பெயர். பிராக்கில் புதைத்த உடலை 1826இல் பேர்லினுக்குக் கொண்டுவந்தார்கள். கட்டடக் கலைஞர் ஷிங்கல் வடிவமைத்த உயர்ந்த கல்லறை; மேலே படுத்திருக்கும் சிங்கம், எதிரியிடம் பிடித்த பீரங்கிகளை உருக்கி வார்த்தது. சுற்றிலும் அவர் வாழ்க்கையின் காட்சிகள் செதுக்கியிருக்கின்றன. 1961க்குப் பிறகு பேர்லின் மதில் இந்தத் தோட்டத்தின் வழியாகவே போனது. எத்தனையோ கல்லறைகள் அழிக்கப்பட்டன. இது தப்பியது. மேற்கு ஜேர்மனி தன் புதிய படையின் முதல் வீரர்களை 1955 நவம்பர் 12இல், அவருடைய 200ஆவது பிறந்தநாளில் நியமித்தது. கிழக்கு ஜேர்மனி தன் உயர்ந்த இராணுவ விருதுக்கு அவர் பெயரை வைத்தது. ஒருவரையொருவர் குறிபார்த்து நின்ற இரண்டு படைகளும் அவரைத் தங்களுடையவர் என்றன.

அன்று வெயில் கடுமையாக இருந்தது. விளக்கம் சொல்லி முடிக்க முக்கால் மணிநேரம் ஆனது, வயதானவர்கள் அவ்வளவு நேரமும் நின்றார்கள். அது என் பிழை, மன்னிக்கவும். வரும் ஆண்டு யூன் 28ஆம் திகதி மறுபடி போக உத்தேசம்; மடக்குக் கதிரைகள் பத்து வாங்க சபையின் அனுமதியை வேண்டுகிறேன். அடுத்த ஆண்டுக்கு நிர்வாகசபை முன்மொழியும் தலைப்பு கிளவுஸெவிட்ஸ். ஐயா வேறொரு தலைப்பை எழுதித் தந்திருக்கிறார். இரண்டையும் வாக்கெடுப்புக்கு விடுகிறேன்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.
செயலாளர்