மூச்சைச் சரிசெய்துவிட்டு வண்டி ஏற்றுங்கள்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். புறநகரிலிருந்து சென்னைக்கு ரெஃபர் செய்யப்படும் தலைக்காய நோயாளிகள் எந்த நிலையில் வந்து சேர்கிறார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. கடந்த வாரமும் ஒருவர் வந்தார். பைக் விபத்து. சீட்டில் ‘தலைக்காயம், மேல்சிகிச்சைக்கு’ என்று ஒரே வரி. நினைவு நிலையைச் சொல்லும் ஜி.சி.எஸ். மதிப்பெண் எத்தனை, கண்மணி விரிந்திருந்ததா, பிபி என்ன, எத்தனை மணிக்கு எந்த ஊசி? எதுவும் இல்லை. ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டின் காப்பி மட்டும் சீல், கையெழுத்தோடு பத்திரமாக வந்தது.

ஜி.சி.எஸ். 8, அதற்கும் கீழே என்றால் நாக்கு சரிந்து மூச்சை அடைக்கும். வாந்தி நுரையீரலுக்குள் இறங்கும். மூச்சுக்குழாயில் டியூப் போட்டு அனுப்ப வேண்டியவருக்கு மாஸ்க்கை மாட்டி அனுப்புகிறார்கள். அந்த ஆக்சிஜனாவது வழியெல்லாம் வருமா? முழு பி-டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் விட்டால் இரண்டரை மணி நேரம். சிலிண்டரின் அளவு காட்டும் முள் கால்வாசியில் நின்றால் 40 நிமிடம்கூட இல்லை. சாயங்கால ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும். ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்குக் கீழே போனாலும், பிபியின் மேல் அளவு 90-க்குக் கீழே போனாலும், அடிபட்ட மூளைக்கு அது இன்னொரு அடி. முதல் அடியைத் தடுக்க நம்மால் முடியவில்லை. இதைத் தடுக்க முடியும்.

ஆகவே கோருவது ஒன்றுதான்: மூச்சையும் பிபியையும் சரிசெய்யாமல் நோயாளியை ஆம்புலன்ஸ் வண்டியில் ஏற்றக் கூடாது என்று ஆணையிடுங்கள்.

இரவில் மயக்க மருத்துவர் இல்லை என்பார்கள். சரி. வாயில் நாக்கு சரியாமல் தடுக்கும் ஏர்வே குழாய், வாந்தியை உறிஞ்ச வேலை செய்கிற சக்‌ஷன், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பை, அதை அமுக்கத் தெரிந்த ஒரு நர்ஸ் கூட வரட்டும். இதற்கு நியூரோ சர்ஜன் வேண்டியதில்லை. பிபி 80-ல் கிடப்பவருக்கு மூளை வீக்கத்தைக் குறைக்கும் மானிட்டால் ஓடிக்கொண்டிருக்கிறது. சிறுநீராக நீரை இறக்கி பிபியை இன்னும் கீழே தள்ளும் மருந்து அது. முதலில் ஓட வேண்டியது நார்மல் சலைன். தலைக்காயத்துக்குப் போடும் ஸ்டீராய்டு சாவைக் கூட்டுகிறது என்று 2004-லேயே கிராஷ் (CRASH) என்ற பன்னாட்டு ஆய்வு காட்டிவிட்டது. ஊசி மட்டும் இன்னும் நிற்கவில்லை.

‘நம்மைக் காக்கும் 48’ நல்ல திட்டம், மறுப்பதற்கில்லை. சாலை விபத்தில் காயமடைந்தவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. அதில் முதல் சில மணி நேரத்தைத்தான் யாரும் ஏற்பதில்லை!

மன்னிக்கவும், கோரிக்கைக்கு வருகிறோம். மூச்சும் பிபியும் நிலைப்பட்ட பிறகே வண்டி கிளம்பட்டும். கிளம்பும் முன் எங்களுக்கு ஒரு போன்: சி.டி. ஸ்கேன், ரத்தம், ஆபரேஷன் தியேட்டர் தயாராக இருக்கும். எடுத்த சி.டி. படத்தையும் மறக்காமல் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் இங்கே மறுபடி எடுக்க வேண்டியிருக்கிறது. ஆணையை விரைந்து பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அவசர சிகிச்சைப் பிரிவுப் பணியாளர்கள்,
சென்னை