பகலில் பெட்டிக்குள், இரவில் கடைக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வார இதழில் ஜவுளிக்கடைகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தீபாவளிக் கூட்டம், புது ரகப் பட்டு எல்லாம் அழகாக எழுதியிருந்தீர்கள். நடுவில் ஒரு முதலாளி, வேலை நேரத்தில் ஊழியர்களின் போனை வாங்கி வைப்பது அவர்கள் நன்மைக்குத்தான் என்கிறார். உங்கள் நிருபரும் தலையாட்டிவிட்டு அடுத்த மாடிக்குப் போய்விட்டார். எங்களில் ஒருத்தியைக் கேட்டிருக்கலாம். சரி, கேட்டாலும் சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும்போது என்ன சொல்லிவிடப் போகிறோம்?

மதுரையில் ஒரு கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறேன். காலையில் செக்யூரிட்டியிடம் போனை ஆஃப் செய்து கொடுத்துவிட்டு டோக்கன் வாங்க வேண்டும். கடை சாத்தும்போதுதான் திரும்பக் கிடைக்கும். போன வருஷம் பள்ளிக்கூடத்தில் என் மகனுக்குக் காய்ச்சல் கொதித்திருக்கிறது. என் நம்பர் கிடைக்காமல் டீச்சர் கடை லேண்ட்லைனுக்குப் பேசியிருக்கிறார். எடுத்தவர், "கூட்டமா இருக்கு, அப்புறம் சொல்றோம்" என்று வைத்துவிட்டார். நான் மேலே ஒரு கல்யாண வீட்டாருக்குப் பட்டு பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அந்த 'அப்புறம்' வந்தது இரவு ஒன்பதரைக்கு. நன்மைதான் ஐயா.

வேலை நேரத்தில் போன் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். வீட்டுக்குப் போன பிறகு அது யாருடைய போன்? தினமும் கடை விளம்பரத்தை ஸ்டேட்டஸில் வைத்து, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்பில் போட வேண்டும். ரீசார்ஜ் மட்டும் என் காசு. நாத்தனார் மகள் நிச்சயதார்த்தப் படத்தை ஒருநாள் வைத்தேன். மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு, "நம்ம கடையில பட்டு இல்லையாம்மா?" என்றார். மாப்பிள்ளை வீட்டில் எடுத்த புடவை என்று சொல்லிப் பார்த்தேன். அந்த மாதம் இன்சென்டிவ் வரவில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை உங்கள் இதழில்தான் படித்தேன். அந்தத் தீர்ப்பும் எங்கள் கடை வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு நின்றுவிட்டது போலிருக்கிறது.

எழுத உட்கார்ந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1947-ம் வருஷத்துக் கடைகள் சட்டத்தில் 2021-ல் 22ஏ பிரிவைச் சேர்த்து, எங்களுக்கு இருக்கை தரவேண்டும் என்றார்கள். உங்களுக்குத் தெரியாததா? எங்கள் கடைக்கும் ஸ்டூல் வந்தது. அதில் பில் போட்ட கட்டைப்பைகள் உட்கார்ந்திருக்கின்றன. நாங்கள் கவுன்டரில் கொஞ்சம் சாய்ந்தாலே கேமராவில் பார்த்து மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், வாடிக்கையாளர்கள் முன்னால். இரவு கிளம்பும்போது கைப்பையைத் திறந்து காட்ட வேண்டும், டிபன் பாக்ஸ் உட்பட. சட்னி வாடை பிடிக்காமல் செக்யூரிட்டி அண்ணனே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

போனைத் திருப்பித் தரச் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. அடுத்த முறை முதலாளிகளைச் சந்திக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஊழியர் வீட்டிலிருந்து அவசரம் என்று போன் வந்தால், உடனே மாடிக்கு வந்து சொல்ல ஓர் ஆள் வைத்திருக்கிறீர்களா? பதிலைப் பிரசுரியுங்கள். முழுப்பக்க விளம்பரம் தருகிறவர்களிடம் கேட்பது உங்களுக்குச் சிரமம் என்று புரிகிறது. கால்பக்கம் தருகிறவர்களிடமாவது கேளுங்கள்.

(பெயர் போட வேண்டாம்)
ஒரு விற்பனைப் பெண், மதுரை