ஆர்கானிக் ஆலிவ் எண்ணெய்: முத்திரையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பாளையங்கோட்டையில் ஒரு கடையில் ஆலிவ் எண்ணெய் வாங்கப் போனேன். இரண்டு அரை லிட்டர் பாட்டில்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, 'ஆர்கானிக்' என்று போட்டதற்கு விலை கூட. ஏன் என்று கேட்டால், "இதுதான்க்கா சுத்தமானது" என்கிறார் கடைப்பையன். அப்படி இல்லை. ஆர்கானிக் என்பது மரத்தை வளர்த்த விதம். ரசாயன உரமோ செயற்கைப் பூச்சிமருந்தோ போடாமல், காயைத் துளைக்கும் ஆலிவ் ஈயைக்கூடப் பொறி வைத்தும் வெண்களிமண் கரைசல் தெளித்தும் சமாளிக்கிறார்கள். எண்ணெயின் தரம் வேறு விஷயம். அதில் உயர்ந்த தரமான எக்ஸ்ட்ரா வெர்ஜின் என்றால் நம்ம செக்கு நல்லெண்ணெய் மாதிரி, ரசாயனம் சேர்க்காமல் எடுத்தது, அமிலத்தன்மை 0.8 சதவீதத்துக்கு மேல் போகாது. ஆர்கானிக் இல்லாவிட்டாலும் அது நல்ல எண்ணெய்தான். ஆர்கானிக்தான் வேண்டும் என்றால் ஆர்கானிக் உணவுக்கான அரசு முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர்களும் இதைச் சொல்லி விற்கட்டும்.

ஒரு வாசகி,
பாளையங்கோட்டை