எந்த இலை என்பதோடு எவ்வளவு என்றும் சொல்லுங்கள்

நீலகிரி மாவட்டத் தோட்டக்கலைத் துறை அலுவலர்களுக்கும், முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளுக்கும் வணக்கம்.

மழைக்கால விளைச்சலான கார்போகக் கிழங்கைத் தோண்டும் நேரத்தில் மழை விடாவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கொட்டகையில் அடுக்கிய சில நாளிலேயே சாக்கின் அடி நனைந்துவிடும். கையை விட்டால் தோல் மட்டும் கழன்று வரும், உள்ளே வெறும் கூழ். இதுதான் மென்னழுகல் நோய். முதலில் நாற்றம்கூட இருக்காது. வேறு கிருமிகளும் சேர்ந்த பிறகு கொட்டகைப் பக்கமே போக முடியாது. எல்லாம் பெக்டோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவின் வேலை. பழைய ஆட்கள் எர்வினியா என்று படித்திருப்பார்கள். செல்களை ஒட்டிவைக்கும் பெக்டினை அது கரைத்துவிடுகிறது. ஒழுகும் சாறு பட்டால் அடியில் இருக்கும் நல்ல கிழங்கும் போச்சு.

பாக்டீரியாவைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின்-டெட்ராசைக்ளின் ஆன்டிபயாட்டிக் கலவை பயிருக்குக் கூடாது என்று மத்திய அரசு 2021-ல் அறிவிக்கை விட்டது. சரியான முடிவுதான். அந்த இடத்தை இப்போது வாட்ஸப் வைத்தியம் பிடித்துக்கொண்டது: பூண்டுக் கரைசல், வேப்பிலைச் சாறு, தைல இலைக் கஷாயம்.

நான் இவற்றைக் கேலி செய்யவில்லை. பூண்டை நசுக்கும்போது உண்டாகும் அல்லிசின் பாக்டீரியாவைக் கொல்லும். கிராம்பின் யூஜெனாலுக்கும், நம் யூகலிப்டஸ் தைலத்தின் சினியோலுக்கும்கூட அந்தக் குணம் உண்டு. ஆனால் பூண்டைக் கொதிக்கவைக்கச் சொல்கிறார்கள். சூட்டில் அல்லிசின் நிற்காது. பெக்டோபாக்டீரியம் கிராம்-நெகட்டிவ் வகை வேறு, அதாவது மேலே கூடுதலாக ஒரு சவ்வு போர்த்தியது. அதன் வெளிச்சவ்வைத் தாண்டித் தாவரச் சாறு உள்ளே போவது லேசில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல், கரைசலில் இருக்கும் தண்ணீர். கிழங்கின்மேல் ஈரப்படலம் நின்றால் உள்ளே காற்று போகாது, கிழங்கின் எதிர்ப்புச் சக்தி படுத்துவிடும். காற்றில்லாமலும் பிழைக்கும் இந்தக் கிருமிக்கு அதுதான் கொண்டாட்டம். மருந்து என்று நினைத்து நாமே நோயை நனைத்து வளர்க்கிறோம். கேரட்டைக் கழுவி ஈரத்தோடு மூட்டை கட்டுகிறவர்களுக்கு இது பழகிய நஷ்டம்.

எனவே, கரைசலாக இல்லாமல் தைலத்தை ஆவியாகவும், இலையை உலர்த்தியும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். உலர்ந்த தைல இலையையோ உண்ணிச்செடி இலையையோ பரப்பி மூடுவது கிழங்கு அந்துப்பூச்சிக்கு முன்பே சொல்லப்பட்ட முறைதானே. அந்தப் பூச்சியின் புழு போட்ட ஓட்டை வழியாகவும் அழுகல் நுழைகிறது. அந்த வகையிலாவது பலன் இருக்கலாம். சோதனையை எங்கள் கொட்டகையிலேயே, ஒழுகும் தகரத்துக்கும் பனிமூட்டத்துக்கும் நடுவே வையுங்கள். ஒன்றும் செய்யாத குவியல் ஒன்று கட்டாயம் பக்கத்தில் இருக்கட்டும். வாட்ஸப் வீடியோக்களில் அதைத்தான் யாரும் காட்டுவதில்லை. 45 கிலோ மூட்டைக்கு எத்தனை மில்லி தைலம், எத்தனை நாள் மூடுவது, விதைக்கிழங்கின் முளைப்பு கெடுமா, மேட்டுப்பாளையம் மண்டியில் வாசனையைக் காட்டி விலையைக் குறைப்பார்களா, எல்லாம் ஒரு தாளில் எழுத்தாக வரட்டும். பலன் இல்லையென்றால் அதையும் தமிழிலேயே போடுங்கள்.

தோண்டுவதற்கு 10, 15 நாள் முன்பே தழையை வெட்டித் தோலை முற்றவிடுவதும், அடிபட்ட கிழங்கைப் பொறுக்கி ஒதுக்குவதும், காயம் ஆறக் காற்றாடப் போடுவதும் எந்த இலை வந்தாலும் தொடர வேண்டியவை. அதையும் அந்தத் தாளிலேயே சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று: சோதனையை, தை மாதத்தை ஒட்டித் தோண்டும் கடைபோகத்தில் வைக்காதீர்கள். தை மாத வறட்சியில் எந்த மருந்தும் கெட்டிக்கார மருந்தாகத்தான் தெரியும். கார்போகத்துக்கு வாருங்கள். கொட்டகையும் கிழங்கும் நாங்கள் தருகிறோம், தைலம் மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
கேத்திப் பள்ளத்தாக்கு உருளைக்கிழங்கு விவசாயி ஒருவன்