எம்.எஸ்சி. இயற்பியல்: நன்றியுரைப் பக்கத்தில் இடம் கிடைக்காதவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

கடைசிப் பருவத் தேர்வு முடிவு வந்துவிட்டது. எம்.எஸ்சி. இயற்பியல், முதல் வகுப்பு. வாட்ஸ்அப்பில் வாழ்த்தியவர்களுக்கெல்லாம் கைகூப்பும் படத்தை அனுப்பிவிட்டேன். சிலருக்கு மட்டும் அது போதாது என்று தோன்றியது.

ப்ராஜெக்ட் அறிக்கையின் தொடக்கத்தில் நன்றியுரை என்று ஒரு பக்கம் வரும். முதல்வர், துறைத்தலைவர், வழிகாட்டி, மற்றப் பேராசிரியர்கள், பெற்றோர், கடைசியில் ஆண்டவன் என்று அதற்கு ஒரு வரிசை உண்டு. போன வருடத்து அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு பெயர்களை மாற்றினால் வேலை முடிந்தது. நானும் அந்த வழக்கத்தையே பின்பற்றினேன். அதில் சொன்ன நன்றி எதுவும் பொய்யில்லை. ஆனால் இந்தப் படிப்பில் எனக்கு எந்தெந்த இடத்தில் யார் தேவைப்பட்டார்கள் என்று யோசித்தால், அந்தப் பக்கத்தில் இல்லாதவர்களின் முகம்தான் முதலில் வருகிறது.

என்னைத் தெரியாதவர்களுக்காக: பி.எஸ்சி., பி.எட். முடித்து, ஒரு தனியார் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்திக்கொண்டிருந்தவள் நான். கல்யாணம், குழந்தை, வேலை என்று பத்து வருடத்துக்கு மேல் ஓடிய பிறகு அரசு கலைக் கல்லூரியில் மறுபடி மாணவியாகச் சேர்ந்தேன். பிளஸ் டூவுக்குப் பாடம் எடுக்கவும் டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) நடத்தும் முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதவும் முதுகலைப் பட்டம் வேண்டும் என்று கேட்டவர்களிடம் சொன்னேன். குவாண்டம் இயக்கவியலை ஒரு தடவையாவது ஒழுங்காகப் படித்துவிட வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா அதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

முதல் நன்றி, என்னை யாரென்றே தெரியாத ஒருவருக்கு. ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் வி. பாலகிருஷ்ணன் கரும்பலகையும் சாக்பீஸுமாக நடத்திய வகுப்புகள் என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் திட்டம் வழியாக யூடியூப்பில் இலவசமாக இருக்கின்றன. மகள் தூங்கிய பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வேன். புரியாவிட்டால் நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி கேட்கலாம்; எந்தக் கல்லூரியிலும் கிடைக்காத வசதி. ஐயா, ஹைட்ரஜன் அணு எனக்குப் பிடிபட்டது உங்களால்தான்.

ஆக, தியரி வீடு தேடி வந்துவிட்டது. ஆய்வகம் அப்படி வராது. எம்.எஸ்சி. படிக்க நினைக்கும் வயதான மாணவர்கள் (முப்பதைத் தாண்டினாலே இந்தப் பட்டம் கிடைத்துவிடுகிறது) கவலைப்பட வேண்டியது கணக்கைப் பற்றியல்ல, பிராக்டிகலைப் பற்றித்தான். கணக்கை ராத்திரியில் உட்கார்ந்து சரிக்கட்டிவிடலாம். கையில் கருவி பழகுவதற்கு அங்கே, அந்த நேரத்தில், பொறுமையுள்ள ஒரு ஆள் வேண்டும்.

ஆய்வக உதவியாளர் அண்ணா, அந்த ஆள் நீங்கள்தான். ஹால் விளைவுச் சோதனையைப் புத்தகத்தில் பத்து வரியில் முடித்துவிடுவார்கள். மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே ஜெர்மானியம் என்ற குறைகடத்தியின் துண்டை வைத்து, ஒரு திசையில் மின்னோட்டம் செலுத்தி, குறுக்கே எழும் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். சரி, அளக்கப் போனால் காந்தப்புலமே இல்லாதபோதும் மீட்டர் எதையோ காட்டிக்கொண்டு நிற்கும். தொடுமுனைகள் இரண்டும் மிகச் சரியாக நேருக்கு நேர் அமைவதில்லை. அதனால் வரும் உபரி அது. புலத்தின் திசையை மாற்றி மறுபடி அளந்து, இரண்டையும் கழித்துப் பாதியாக்கினால் உபரி ஒழிந்துவிடும். இந்தக் காரணமெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் மீட்டர் நிலைக்கு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கச் சொன்னது நீங்கள். “மேக்னட்டுக்குப் போற கரண்ட்டை மெதுவா ஏத்துங்க மேடம், அணைக்கிறப்பவும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துட்டு அணைங்க” என்பீர்கள். கம்பிச்சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென்று துண்டித்தால் எவ்வளவு பெரிய மின்னழுத்தம் எகிறும் என்பதற்கு என்னிடம் ஒரு சமன்பாடு இருந்தது. பல வருடமாக அந்தக் கருவி கெடாமல் இருந்ததற்கு உங்கள் கை இருந்தது. பாதரச விளக்கை நடுவில் அணைத்துவிட்டால் ஆறும்வரை திரும்ப எரியாது என்பதும் நீங்கள் சொல்லித் தெரிந்ததே. அன்றன்றைக்கு எடுக்க வேண்டிய அளவீடுகளை நான் முடிக்கும்வரை, சாவிக்கொத்தைச் சத்தம்கூடப் போடாமல் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தீர்களே, அதற்குத் தனியாக ஒரு கும்பிடு.

அப்புறம் என் வகுப்புப் பிள்ளைகள். முதல் வாரம் “மேடம்” என்றீர்கள், இரண்டாம் வாரமே “அக்கா” ஆகிவிட்டேன். பைத்தானில் வரைபடம் போடுவதையும் டென்சர் குறியீடுகளையும் நீங்கள் சொல்லித்தந்தீர்கள். பதிலுக்கு நான் கொடுத்தது பெரும்பாலும் எலுமிச்சை சாதம். மைக்கேல்சன் குறுக்கீட்டுமானி நாளை மறக்கவே முடியாது. ஒளியை இரண்டாகப் பிரித்து, ஆடிகளில் பட்டுத் திரும்பியதும் ஒன்றுசேர்த்து, வெளிச்சமும் இருட்டுமான பட்டைகளாகக் காட்டும் கருவி அது. சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி, பார்க்க ஒன்றாக இருந்தாலும் 5890, 5896 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் இரண்டு வரிகள். ஆடியை நகர்த்திக்கொண்டே போனால் ஏறக்குறைய 0.29 மில்லிமீட்டருக்கு ஒருமுறை பட்டைகள் தெளிந்து, மங்கி, மறுபடி தெளியும். ஆனால் பக்கத்தில் ஒருவர் தொப்பென்று நடந்தாலும் பட்டைகள் நடுங்கும். ஒருத்தி கண்ணை வைக்க, ஒருத்தன் அளவு எழுத, மீதிப் பேர் வராந்தாவின் இரண்டு பக்கமும் காவல் நின்று, பி.ஏ. வகுப்பு மொத்தத்தையும் மாடி வழியாகச் சுற்றிப் போகச் சொன்னீர்கள். அந்த பி.ஏ. வகுப்புக்கும் இங்கேயே நன்றி சொல்லிவிடுகிறேன்.

ப்ராஜெக்ட்டுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவர்களில் பாதிப் பேராவது படிகம் வளர்த்திருப்பார்கள் என்று தோன்றும். அவ்வளவு வழக்கமான தலைப்பு. பெரிய கருவி இல்லாத கல்லூரியிலும் செய்ய முடிகிற ஆராய்ச்சி என்பதுதான் காரணம், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் எடுத்தது பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் என்ற உப்பு, சுருக்கமாகக் கேடிபி. அதில் கொஞ்சம் எல்-அலனைன் என்ற அமினோ அமிலத்தைச் சேர்த்தால் ஒளியியல் பண்பு எப்படி மாறுகிறது என்று பார்ப்பது வேலை. கரைசலை வடிகட்டி, பீக்கரின் வாயைப் பாலிதீன் தாளால் மூடி, ஊசியால் துளையிட்டு, நீர் மெல்ல ஆவியாக விட்டுவிட வேண்டும். தூசி விழுந்தால் ஒரு பெரிய படிகத்துக்குப் பதிலாக நூறு பொடிப் படிகங்கள். மேசை ஆடினாலும் கெட்டது.

இங்கேதான் எங்கள் துறையைப் பெருக்கும் அக்கா வருகிறார். பீக்கரில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டார், சொன்னேன். அதற்குப் பிறகு அந்த அறையில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் பெருக்கினார், மேசையைத் தொடவே இல்லை. “இன்னைக்குக் கொஞ்சம் பெருசாயிருக்கு” என்று எனக்கு முன்பே பார்த்துச் சொன்ன நாட்களும் உண்டு. அக்கா, என் அறிக்கையில் 'படிக வளர்ச்சி' என்று ஒரு அத்தியாயம் இருக்கிறது. அதில் பாதி உங்களுடையது.

படிகம் வளர்ந்தால் மட்டும் போதாது, எக்ஸ் கதிர் ஆய்வுக்கும் லேசர் சோதனைக்கும் வெளியே அனுப்ப வேண்டும், ஒவ்வொரு மாதிரிக்கும் கட்டணம். என் வழிகாட்டி மேடம் யார் யாருக்கோ போன் செய்து அதைச் சாத்தியமாக்கினார். அவரை முறைப்படி நன்றியுரைப் பக்கத்தில் போட்டாயிற்று என்றாலும் இந்தப் போன்களை அங்கே எழுத முடியவில்லை. லேசர் சோதனையின்போது என்னைப் பக்கத்தில் நிற்கவைத்துக் காட்டிய ஆராய்ச்சி மாணவருக்கும் நன்றி. பொடியாக்கிய படிகத்தின் மேல் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி விழுகிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே அதிர்வெண் இரட்டிப்பாகி, 532 நானோமீட்டரில் பச்சையாக வெளியே வருகிறது. “அக்கா, கண்ணாடியைப் போட்டுக்கோங்க” என்று நீங்கள் அதட்டியிருக்காவிட்டால் அப்படியே எட்டிப் பார்த்திருப்பேன்.

வீட்டுக்காரரின் உதவியைப் பற்றி எழுதினால் அவருக்குக் கூச்சமாகிவிடும், அதனால் இரண்டே வார்த்தை: டிபன் பாக்ஸ். மகளுக்கு: உன் கலர் பென்சிலை எடுத்துத்தான் ஆற்றல் மட்டப் படம் எல்லாம் வரைந்தேன், புதுப் பெட்டி வாங்கியாயிற்று. காலை டவுன் பஸ் நடத்துநர் அண்ணன், நான் ஓடி வருவது தெரிந்தால் விசிலை ஒரு நொடி தள்ளி ஊதுவார். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது டியூஷன் வருமானத்தில் படித்த எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அத்தை, உங்களுக்குத்தான் அதிகம் சொல்ல வேண்டும். பொங்கல் விடுமுறையில் கல்லூரியைப் பூட்டிவிடுவார்கள் என்று வீட்டிலேயே ஒரு கரைசல் வைத்தேன். இடம் கேட்டதும் பூஜை அறையின் மேல் அலமாரியைக் காலி செய்து கொடுத்தீர்கள். வந்திருந்த பேரன் பேத்திகள் யாரையும் கிட்டே அண்டவிடவில்லை. “மருமக உப்புக் காய்ச்சுறா” என்று விருந்தாளிகளுக்கு நீங்கள் கொடுத்த விளக்கம் வேதியியல்படி மிகச் சரி.

ரெக்கார்டு நோட்டுகளையும் கைப்பிரதிக் குறிப்புகளையும் துறை நூலகத்தில் கொடுத்துவிட்டேன். ஜூனியர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஹால் விளைவுப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பவை ஆய்வக அண்ணா சொன்னவை. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்கமாட்டார்கள், சோதனை செய்யும்போது தேவைப்படும். டிஆர்பி தேர்வுக்கு அடுத்த வாரம் முதல் உட்காரப் போகிறேன். ஆகவே அத்தை, சனிக்கிழமைச் சமையல் இன்னும் கொஞ்ச காலத்துக்கு உங்களிடம்தான்.

அன்புடன்,
உங்கள் அக்கா, மேடம், மருமகள்