வேற்றுக்கிரகத்தாருக்கு ஒரு நாட்குறிப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வேற்றுக்கிரகத்திலிருந்து ஒருவர் வந்து இறங்கினால், மனித இனத்தைப் புரியவைக்க எந்த ஒரு புத்தகத்தைக் கையில் கொடுப்பீர்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தீர்கள். இந்த இதழில் வந்திருக்கும் பதில்களில் முக்கால்வாசி திருக்குறள். நான் பதினெட்டாம் நூற்றாண்டுப் பாண்டிச்சேரி வியாபாரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைக் கொடுப்பேன்.

குறள்மேல் எனக்குக் குறையொன்றும் இல்லை. இங்கே பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் நடக்கப் போகும்போதெல்லாம் வள்ளுவர் சிலையைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். ஆனால் அந்தச் சிலையின் கதையே என் கட்சிக்கு ஆதாரம். 1991-ல் திறக்க வேண்டிய சிலை 18 வருஷம் மூடிக் கிடந்தது. 2009 ஆகஸ்டில் இங்கே வள்ளுவரைத் திறந்தார்கள். சில நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞருக்குச் சிலை திறந்தார்கள். இரண்டு மொழிக்காரர்களும் இத்தனை வருஷம் முறைத்துக்கொண்டது ஏன், அப்புறம் சமாதானமானது எப்படி? குறள் முழுவதையும் மனப்பாடம் செய்த வேற்றுக்கிரகத்தாருக்கும் இது விளங்காது. மனிதன் எட்ட வேண்டிய உயரத்தை வள்ளுவர் காட்டுகிறார். அவன் நிற்கும் இடத்தை யார் காட்டுவது?

1977-ல் அமெரிக்காவின் வாயேஜர் விண்கலங்களில் வேற்றுக்கிரகத்தாருக்காகப் பொன்முலாம் பூசிய இசைத்தட்டு அனுப்பினார்களே, அங்கேயும் இதே சிக்கல்தான். 55 மொழிகளில் வாழ்த்து. கன்னடம் உண்டு, தெலுங்கு உண்டு, தமிழ் இல்லை. அந்த வருத்தம் ஒருபக்கம் இருக்கட்டும். அந்தத் தட்டில் வைக்கும் படங்களைத் தேர்ந்தெடுத்த வானியலாளர் கார்ல் சேகனின் குழு போர், நோய், குற்றம் எதையும் சேர்க்க வேண்டாம் என்று முடிவு செய்தது. அவர்கள் எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டைக் கழுவிவிட்டுக் காட்டுகிற மாதிரியான அறிமுகம் அது.

ஆனந்தரங்கர் எதையும் கழுவவில்லை. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும் இருந்த வியாபாரி அவர். 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 வரை, இடையிடையே விட்டுப்போனாலும், காதில் கேட்டதையும் கண்ணில் கண்டதையும் எழுதிக்கொண்டே வந்தார். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு, யாருக்கு எத்தனை பீரங்கி முழங்கி மரியாதை செய்தார்கள், யாருக்கு வெற்றிலை பாக்கு கொடுத்தார்கள், எல்லாம் இருக்கும். அந்தப் பீரங்கிக் கணக்கை மட்டும் படித்தாலே போதும், மனிதனுக்கு மரியாதை எவ்வளவு பெரிய பசி என்று வந்தவருக்குப் புரிந்துவிடும். தேதியைப் பாருங்கள்: ஐரோப்பியத் தேதியும் இருக்கும், நள வருஷம், ஆவணி மாதம் என்று நம் கணக்கும் இருக்கும். ஒரே ஆள் இரண்டு காலத்தில் வாழ்கிறார்.

1745-ல் பாண்டிச்சேரி மாதா கோயிலுக்குள் சாதி பிரித்துக் கட்டியிருந்த சுவரைப் பற்றி எழுதுகிறார். மறு வருஷம் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்ததும், பிடித்த தளபதியும் துய்ப்ளேயும் தங்களுக்குள் அடித்துக்கொண்டதும் வருகிறது. 1748-ல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியை முற்றுகையிட்டபோது பிரெஞ்சுக்காரர்கள் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்த நாளைப் படிக்கும்போது எனக்குக் கை நடுங்கியது. இடித்தவர்களிடம் சம்பளம் வாங்குகிறவர், அழுது தீர்க்கவும் முடியாமல், நடந்ததை ஒவ்வொன்றாக எழுதி வைக்கிறார். ஆளுநரின் மனைவிமேல் உள்ள கசப்பு, போட்டிக்காரர்மேல் பொறாமை, ஜோசியத்தில் நம்பிக்கை எல்லாம் அதே கையெழுத்தில்தான். தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள வேண்டும் என்ற கவலை அவருக்கு அதிகம் இல்லை. கடைசியில் 1761 ஜனவரியில், பாண்டிச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்த அதே மாதத்தில் இறந்துபோனார்.

இதை எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியரிடம் சொன்னேன். "ஏம்மா, வள்ளுவரை விட்டுவிட்டு ஒரு வியாபாரியின் கணக்குப் புத்தகத்தையா அனுப்புவாய்?" என்று கேட்டார். "ஆமாம் சார், வள்ளுவர் யாருக்காக எழுதினாரோ அந்த ஆளையே அனுப்புகிறேன்" என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் முதல் தொகுதியை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

ஒரு மறுப்பை மட்டும் நான் தள்ளிவிட முடியாது. இது பணக்கார ஆண் ஒருவரின் பார்வை. பெண்களும் கூலிக்காரர்களும் அடிமையாகக் கப்பலேற்றப்பட்டவர்களும் ஓரத்தில்தான் வருகிறார்கள், அவர்கள் வாய் திறந்து பேசுவது குறைவு. ஆனால் எந்த ஒரு புத்தகத்தை எடுத்தாலும் இப்படி யாராவது விடுபடத்தான் செய்வார்கள். இதிலாவது யார் ஓரத்தில் தள்ளப்பட்டார்கள் என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

இன்னொன்றும் உண்டு. பிரெஞ்சுக்காரருக்கு நம்மையும் நமக்கு அவர்களையும் விளக்கிச் சொல்வதே அவர் பிழைப்பு. வெளியூர் ஆளுக்கு நம் ஊரைச் சொல்லிப் பழகிய ஒருவரைவிட, வெளி உலகத்து ஆளுக்கு யார் பொருத்தம்?

இந்த நாட்குறிப்பைப் பெயரளவில் கேள்விப்பட்டவர்கள்தான் அதிகம், பிரித்துப் படித்தவர்கள் குறைவு. 1746-ல் சென்னை விழுந்த பகுதியிலிருந்து ஒரு நாலு பக்கமாவது அடுத்த இதழில் வெளியிடுங்கள். பழைய நடையை மாற்றாமல், அருஞ்சொற்களுக்கு மட்டும் கீழே பொருள் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
அல்சூர் வாசகி,
பெங்களூரு