பேச்சாளராக அல்ல, நடுவராக எழுதுக

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரில் பல ஆண்டுகள் ஆங்கில ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நான், அல்சூரில் எங்கள் தெருப் பிள்ளைகளின் கட்டுரைகளை ஞாயிறுதோறும் திருத்திக் கொடுத்து வருகிறேன். ஐ.எஸ்.சி. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் தொடர்ந்து தடுமாறும் ஓர் இடத்தைப் பற்றிப் பெற்றோரிடம் சில சொல்ல விரும்பி இதை எழுதுகிறேன்.

அத்தேர்வின் ஆங்கில மொழித்தாளில் முதல் வினாவே கட்டுரைதான். 80 மதிப்பெண்ணில் 20 அதற்கு உரியது. 400 முதல் 450 சொற்களுக்குள் எழுத வேண்டும். அங்கே வாதக் கட்டுரை வேறு, ஆங்கிலத்தில் 'டிஸ்கர்சிவ்' என்று சொல்லப்படும் கட்டுரை வேறு. முன்னதில் ஒரு தரப்பை எடுத்துக்கொண்டு அதை நிலைநாட்டினால் போதும். பின்னதில் ஒரு பொருளைப் பல பக்கமிருந்தும் அலசி, ஒவ்வொரு தரப்புக்கும் உரிய எடையைத் தந்து, முடிவு ஒன்று இருக்குமானால் அதற்குப் படிப்படியாக வந்துசேர வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தொலைக்காட்சியில் பட்டிமன்றம் பார்த்து வளரும் நம் பிள்ளைகள், கைதட்டல் வாங்கும் பேச்சாளரைத்தான் மனத்தில் பதித்துக்கொள்கிறார்கள்; இரு அணியையும் கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கும் நடுவரை அவர்கள் கவனிப்பதில்லை. இந்தக் கட்டுரையோ நடுவரின் வேலை.

அண்மையில் ஒரு மாணவி, நகரின் நடுப்பகுதிக்குள் தனியார் வாகனங்களைத் தடை செய்யலாமா என்ற தலைப்பில் எழுதி வந்தாள். 'ஃப்ரம் டைம் இம்மெமோரியல்' (நினைவுக்கு எட்டாத காலம் முதல்) என்று தொடங்கி, புகை, இரைச்சல், நெரிசல் என மூன்று பத்திகளை நிரப்பிவிட்டு, 'எவ்ரி காயின் ஹேஸ் டூ சைட்ஸ்' (நாணயத்துக்கு இரு பக்கம் உண்டு) என்ற ஒற்றை வரியோடு எதிர்த்தரப்பை முடித்திருந்தாள். அவள் தந்தை ஆட்டோ ஓட்டுநர். தடை வந்தால் ஆட்டோவும் அதில் அடங்குமா, சவாரி கூடுமா குறையுமா, சாலையோரம் சரக்கு இறக்கும் சிறு வியாபாரி என்ன செய்வார், மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்க முடியாத முதியவர் எப்படிப் போவார் என்று நான் கேட்கக் கேட்க, அரை மணி நேரம் தமிழில் அவ்வளவு தெளிவாகப் பேசினாள். பேசியதில் ஒரு சொல்கூடத் தாளில் இல்லை. வீட்டில் தினமும் காதில் விழும் செய்தி கட்டுரைக்கு உரிய சரக்கு என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. மனப்பாடம் செய்த வாசகங்களைத்தான் தந்திருந்தார்கள். ஒரே தொடக்கத்தை அடுத்தடுத்த விடைத்தாள்களில் படிக்க நேரும் திருத்துநரின் அலுப்பை, அந்த நாற்காலியில் இருந்தவள் என்ற முறையில் நான் நன்கு அறிவேன்.

இப்படி இரு தரப்பையும் அலசி எழுதும் முறை ஆங்கிலேயரிடமிருந்துதான் நமக்கு வந்தது என்று நினைப்பவர்கள், நன்னூல் பாயிரத்தில் 'எழுவகை மதம்' எனப்படும், நூலாசிரியர் கருத்துகளைக் கையாளும் ஏழு வழிகளைப் புரட்டிப் பார்க்கலாம். 'பிறர்தம் மதமேற் கொண்டு களைவே' என்கிறார் பவணந்தியார்: எதிர்க்கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு காரணம் காட்டி விலக்குவது. 'இருவர் மாறுகோள் ஒருதலை துணிவே' என்பது, இருவர் மாறுபட்டு நிற்கும்போது இரண்டையும் பார்த்து ஒன்றைத் துணிவது. மாணவியின் மூன்று பத்திகளில் இல்லாமல் போனவை இவை இரண்டும்தான். (அந்நூலைச் செய்வித்த சீயகங்கன், நமக்கு அருகிலுள்ள கோலாரைத் தலைநகராகக் கொண்டிருந்த கங்கர் மரபினன் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.)

நடைமுறையில், வினாத்தாளைப் படிக்க மட்டும் தரப்படும் முதல் 15 நிமிடத்தில் தலைப்பைத் தேர்ந்து, இரு தரப்புக்கும் மும்மூன்று காரணங்களை மனத்தில் கூட்டிக்கொள்ளலாம். ஒரு தரப்புக்கு ஒன்றுக்கு மேல் தோன்றவில்லையென்றால் அந்தத் தலைப்பை விட்டுவிடுவது நல்லது. 'ஆல்' (எல்லாம்), 'ஆல்வேஸ்' (எப்போதும்) என்று அடித்துச் சொல்வதைக் குறைத்து, நாம் 'கூடும்', 'பெரும்பாலும்' என்று சொல்லும் இடங்களில் 'மே', 'டென்ட் டு' ஆகியவற்றைப் பயன்படுத்த வேண்டும். 'மழை பெய்தாலும் போனான்' என்பதில் ஓர் 'உம்' போதுமாக இருப்பதுபோல் ஆங்கிலத்திலும் 'ஆல்தோ' ஒன்றே போதுமாக இருக்க, அப்படித் தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் 'பட்' (ஆனால்) என்பதையும் செருகும் பழக்கம் மட்டும் ஏனோ என் மாணவர்களை விட்டு அகலவில்லை.

வெளிநாட்டுப் படிப்புக்காக ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வை எழுதும் இளைஞர்களுக்கும் இது பொருந்தும். அங்கே இரண்டாம் கட்டுரைக்கு 40 நிமிடம், குறைந்தது 250 சொற்கள். மதிப்பிடும் நான்கு கூறுகளில் சொல்வளம் ஒன்று மட்டுமே. கேட்ட கேள்விக்கு விடை தந்திருக்கிறதா என்பதற்கும் கருத்துகள் கோவையாகச் செல்கின்றனவா என்பதற்கும் அதே அளவு மதிப்பெண் உண்டு. கடினமான சொற்களைத் தேடி அகராதியை மனப்பாடம் செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் பகுதியில் வாரம் ஒரு பெங்களூர்ப் பிரச்சினையை எடுத்து, அதன் இரு தரப்பையும் முடிவு சொல்லாமல் தமிழில் அருகருகே வெளியிட்டால், ஆங்கிலம் அறியாத பெற்றோரும் இரவு உணவின்போது பிள்ளைகளோடு அதைப் பற்றிப் பேச முடியும். ஆங்கிலத்தில் எழுதுவதைப் பிள்ளைகள் மறுநாள் காலையில் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
அல்சூர், பெங்களூரு.